சுறா முள் செடல்

பழைய சோற்றில் உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்த பூவம்மாளின் முதுகில் முதல் அடி விழுந்தது. ஈரம் காயாத வலைக்கயிறு. அடுத்த அடிக்குச் சோற்றுப்பானை உருண்டது. அதற்கடுத்த அடியைத் தடுக்க அவள் கையைத் தூக்கியபோது கண்ணாடி வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டில் ரத்தம் கண்டது.

"சொல்லுடி... சிதம்பரத்துல எந்த வூட்டுக்குப் போற நீ, அவன இட்டுக்கிட்டு?"

கேட்டவன் அவள் புருஷன் காசிநாதன். 'அவன்' என்று அவன் சொன்னது அந்நியன் ஒருவனை அல்ல. கூடப் பிறந்த தம்பி கொளஞ்சியை.

பூவம்மாள் வாயைத் திறக்கவில்லை. சிந்திய சோற்றைத் திரும்பப் பானையில் அள்ளிப் போட்டாள். அந்த மௌனம்தான் அவனை இன்னும் வெறியனாக்கியது. அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். மாமியார் ராணியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாளே தவிர, மகனைத் தடுக்கவில்லை. ஊரெல்லாம் சிரிக்கிறதே, ஒரு பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று மட்டும் கேட்டாள்.

ஊர் சிரித்ததற்குக் காரணம் செல்லாயி. பூவம்மாளைப் போலவே கருவாட்டுக் கூடையோடு பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் சந்தைக்குப் போகிறவள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மாடி வீட்டுக்குள் பூவம்மாளும் கொளஞ்சியும் நுழைந்ததையும், கதவு சாத்தப்பட்டதையும், வெகு நேரம் கழித்துக் கொளஞ்சி காலை இழுத்து இழுத்து நடக்க, பூவம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்ததையும் அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். ஒரு தடவை பார்த்திருந்தால் மறந்திருப்பாளோ என்னவோ. மறு மாதமும் பார்த்தாள்.

அவள் பார்த்தது அத்தனையும் உண்மை. அந்த வீட்டில் இருந்தது டாக்டர் தில்லைநாதன் என்பதும், கொளஞ்சி காலை இழுத்தது இடுப்பில் போட்ட பென்சிலின் ஊசியின் வலியால் என்பதும்தான் அவளுக்குத் தெரியாது.

கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பனாற்றைத் தாண்டிக் கடலை ஒட்டியிருந்த தாழைமேட்டுக் குப்பத்துக்குப் பூவம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொளஞ்சி அரைஞாண் கயிற்றோடு மணலில் திரிந்த பிள்ளை. மாமியார் விடியுமுன் மீன்கூடையைத் தூக்கினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பிள்ளை அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. பூவம்மாளுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தங்காத பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதெல்லாம் இவனுக்குப் போயிற்று. கொஞ்சம் வளர்ந்த வயதில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்து, முழங்கால், கணுக்கால், முழங்கை என்று ஒவ்வொரு மூட்டாக வீங்கி வீங்கி வடிந்தது. துணி பட்டால்கூடக் கத்துவான். அப்போது அவனை இடுப்பில் சுமந்தவள் இவள்தான். காய்ச்சல் போயிற்று, வீக்கம் போயிற்று, பையன் எழுந்து ஓடினான். வந்தது போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

போகவில்லை. மீசை அரும்பிய வயதில், கட்டுமரம் தள்ளும்போது அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஒரு நாள் கரையில் யாரும் இல்லாத இடத்தில் அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பூவம்மாள் பார்த்தாள். மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஊர் ஜனம் யாராவது பார்த்துவிடும் என்று அவன் மறுத்தான். ஆகவே சிதம்பரம்.

மூட்டுக் காய்ச்சல் உள்ளே இறங்கி இதயத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார் டாக்டர். ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் கதவு போன்ற வால்வு ஒன்று அங்கே உண்டு, அது வெந்து சுருங்கிச் சரியாக மூடாமல் போய்விட்டது என்று கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் காய்ச்சல் மறுபடி வந்தால் பிழைப்பது கடினம், வராமலிருக்க மாதம் தவறாமல் ஊசி என்றார். இன்னொன்றும் சொன்னார். பல்லைப் பிடுங்குவதானாலும் கட்டியைக் கீறுவதானாலும் தன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது. காயத்தின் வழியே நுழையும் கிருமி, நல்ல இதயத்தில் தங்காது, கழுவிக்கொண்டு போய்விடும். புண்பட்ட வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கூடு கட்டிவிடும்.

ரயிலில் திரும்பி வரும்போது கொளஞ்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கிள்ளைப் பக்கத்தில் பொன்னி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். மார் நோவுக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடலுக்கே போகக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டால் அவன் எந்தக் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவது?

"கல்யாணம் முடியிற மட்டும் யாருக்கும் சொல்லாத அண்ணி. என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவன் தலைமேல் வைத்த கை அது. எடுக்க முடியவில்லை.

*

அன்று காலை அடியின் சத்தம் கேட்டுக் கரையிலிருந்து ஓடிவந்த கொளஞ்சி, அண்ணன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி எறிந்தான். காசிநாதன் தம்பியின் கழுத்தைப் பிடித்தான். இருவரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். தம்பியின் உதடு கிழிந்தது. அண்ணனின் புருவத்தில் ரத்தம் ஒழுகியது. விலக்க வந்தவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சபாபதி நாட்டார் முன்னால் நிறுத்தினார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து என்றால் நாட்டார் சொல்வதுதான். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆடி மாதம், அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, செடல் திருவிழாவுக்கு முன்னால் ஊருக்குள் ரத்தம் சிந்தக் கூடாது என்றார். வழக்கத்தில் இருந்த வழியையே சொன்னார். தாழைமேட்டில் ஒருவன் மேல் பழி விழுந்தால், அவன் மாரியம்மனுக்குச் செடல் போட்டுக்கொள்ள வேண்டும். முதுகுத் தோலில் கொக்கி மாட்டி, கயிறு கட்டி, அம்மனை ஏற்றிய சகடை வண்டியைக் கோயிலிலிருந்து கடற்கரை வரை இழுத்து வர வேண்டும். மனசு சுத்தமாக இருந்தால் காயம் தானாக ஆறிவிடும். பழி உண்மையானால் காயம் சீழ்கட்டும், காய்ச்சல் எரிக்கும். தீர்ப்பு ஆத்தாளுடையது. மனுஷன் அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

கொளஞ்சி உடனே சரி என்றான்.

டாக்டர் கையைக் குவித்துக் காட்டியது பூவம்மாளின் கண்முன் வந்து நின்றது. அன்று மாலை உப்பளத்து வரப்பில் அவனை மடக்கி, வேண்டாம், சத்தியத்தை நான் உடைத்துவிடுகிறேன், ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்று மன்றாடினாள். அவன் கேட்கவில்லை.

"நான் மாட்டேன்னா ஒன்னத்தான் அண்ணி தப்பா பேசுவானுங்க. ஒரு கொக்கி. ரெண்டு நாளு எரியும். ஒனக்கு வுழுந்த பேரு போயிடுமில்ல?"

அவளுக்காக அவன், அவனுக்காக அவள். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் ஒரே பள்ளத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

செடல் அன்று ஊரே மஞ்சள் தண்ணீரில் நனைந்திருந்தது. பம்பையும் உடுக்கையும் அதிர்ந்தன. பொன்னியின் தகப்பனார்கூடக் கிள்ளையிலிருந்து வந்து நாட்டாரின் பக்கத்தில் நின்றிருந்தார். கொளஞ்சி இடுப்பில் மஞ்சள் துணியோடு, கோயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். பூசாரி கொக்கியை எலுமிச்சம்பழத்தில் குத்தி எடுத்துக்கொண்டு நெருங்கினார்.

பூவம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து குறுக்கே விழுந்தாள்.

"குத்தாதீங்க சாமி... அவனுக்கு மாருல நோவு. ரெண்டு வருசமா ஊசி போட்டுக்கிட்டு வர்றேன். குத்தினா செத்துப்போவான்."

பம்பை நின்றது. ஊர் அவளைப் பார்த்தது, பிறகு கொளஞ்சியைப் பார்த்தது. பரந்த தோளும் திரண்ட புஜமுமாக நின்றவனைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு மார் நோவாம். நாட்டார் கொளஞ்சியிடமே கேட்டார், உனக்கு அப்படி எதுவும் உண்டா என்று.

கொளஞ்சியின் கண் ஒரு கணம் பொன்னியின் தகப்பனார் மேல் போய்த் திரும்பியது. அண்ணியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல நாட்டாரே. அண்ணி பயந்துகினு பேசுறாங்க. குத்தச் சொல்லுங்க."

அவன் சொன்ன ஒரு சொல்லில் அவள் பொய்க்காரியானாள். தீர்ப்புக்குப் பயந்து தடுக்கிறாள் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். காசிநாதனுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவளைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளினான். பூசாரியின் கொக்கியைத் தட்டிவிட்டு, தன் மடியிலிருந்து சுறாத் தூண்டில் முள் ஒன்றை எடுத்தான். விரல் கனத்தில் துருவேறிய முள். கடலில் பிழைக்கிறவனுக்குக் கடல் இரும்புதான் சாட்சி என்று கத்தினான். யாரும் பிடிப்பதற்குள் தம்பியின் முதுகுத் தோலைத் திரட்டிப் பிடித்து முள்ளை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் எடுத்தான்.

கொளஞ்சி கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் பூவம்மாளுக்குக் கேட்டது. இன்னொரு முள்ளும் ஏறியது. கயிறு கட்டப்பட்டது. சகடை நகர்ந்தது. முதுகுத் தோல் கூடாரம் மாதிரி இழுபட, ரத்தம் மஞ்சள் துணியில் வடிய, அவன் கடல் வரை இழுத்தான். அவன் விழவில்லை. கடற்கரையில் சகடை நின்றபோது திரும்பி அண்ணியைத் தேடி, பார்த்தாயா என்பதுபோலச் சிரித்தான்.

அவளும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டர் சொன்னது தப்பாக இருக்கட்டும் தாயே என்று.

*

தப்பாகவில்லை. வெளிக்காயம் காய்ந்து பொருக்கு கட்டிய பிறகுதான் காய்ச்சல் வந்தது. பொழுது சாயும்போது குளிர் நடுக்கும். மூன்று போர்வை போட்டாலும் பல் கிட்டிக்கும். பிறகு வேர்வை பாயை நனைக்கும். விடிந்தால் ஒன்றுமில்லாதவன்போல் எழுந்து உட்காருவான். நாளாக ஆகத் தோள் எலும்பு துருத்தியது. முகம் சாம்பல் பூத்தது. நகங்களுக்கு அடியில் சிலாம்பு ஏறினதுபோல் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. விரல் நுனிகளில் வேர்க்கடலை மாதிரி சிவந்த முடிச்சுகள். தொட்டால் துடிப்பான்.

ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்றது. பொன்னியின் தகப்பனார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார். ராணியம்மாள் நிலைப்படியில் வேப்பிலை சொருகினாள். அம்மன் இறங்கியிருக்கிற உடம்பில் ஊசி படக் கூடாது, மருந்து கூடாது, தாளிக்கும் வாசனைகூடக் கூடாது என்று மகனை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பெற்ற வயிறு அவளுடையது. அவளும் அழுதாள். ஆனால் அழுத கண்ணாலேயே மருமகளைச் சபித்தாள்.

"எம் புள்ளைய ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தின்னுட்டீங்களேடி..."

டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று பூவம்மாள் கெஞ்சும்போதெல்லாம் காசிநாதனின் கை பேசியது. ஒரு நாள் அம்மிக் குழவி அவள் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு மண்ணைப் பெயர்த்தது. இன்னொரு நாள் காதில் விழுந்த அறையில் வெகு நேரம் கடல் இரைச்சல் மட்டுமே கேட்டது. அவள் ஓடிப்போகவில்லை. கதவுக்கு அப்பால் குளிரில் அடித்துக்கொள்ளும் பற்களின் ஓசை கேட்கிற தூரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு முற்பகலில் கதவு தானாகத் திறந்தது. கொளஞ்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அண்ணி நெற்றியிலிருந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அண்ணன் கயிற்றோடு நிற்பதையும் பார்த்தான்.

"அண்ணே, அடிக்காத... நாந்தான்..."

அவ்வளவுதான் வந்தது. நாக்கு மேற்கொண்டு புரளவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை கொக்கியிலிருந்து கழன்ற மீன்போல் தொப்பென்று தொங்கியது. அப்படியே சரிந்து விழுந்தான்.

ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பொய்யாகச் செடல் போட்டவன் நாக்கை ஆத்தா கட்டிவிட்டாள் என்று அலறினாள். பூவம்மாளை நிரபராதி என்று சொல்லக்கூடிய ஒரே வாய் அது. அதுவும் அடைத்துப்போயிற்று.

ஆனால் பூவம்மாள் அதை நினைக்கவில்லை. எழுந்தாள். சுறா அறுக்கும் கத்தி கூரையில் சொருகியிருந்தது. அதை உருவினாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள், கத்தியின் முனையைப் புருஷன் வயிற்றில் வைத்தாள்.

"வழி வுடுங்க. இல்லன்னா ஒங்களக் குத்திட்டு இவனத் தூக்கிக்கிட்டுப் போவேன். அப்புறம் என்னத் தூக்குல போடட்டும்."

காசிநாதன் அவள் கண்ணைப் பார்த்தான். கயிறு கையிலிருந்து நழுவியது. அவள் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, எலும்பாகிக் கிடந்தவனை முதுகில் தூக்கினாள். மணலில் கால் புதையப் புதைய உப்பனாற்றங்கரைக்கு ஓடினாள். ஓடக்காரர் குப்பு ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயந்து ஒரு கணம் தயங்கினார். கத்தியைப் பார்த்துப் பயந்தாரோ, அவள் முகத்தைப் பார்த்து மனம் மாறினாரோ, ஓடத்தைத் தள்ளினார்.

*

காசிநாதன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதே கத்தி மாதிரி இன்னொன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு சிதம்பரம் ரயில் ஏறினான். தம்பி செத்தால் சாகட்டும், அந்த வீட்டில் இருக்கிறவன் எவனோ, இருவருக்கும் இடம் கொடுத்தவன், அவனைச் சாய்த்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பினான். அங்கே நடந்ததைப் பின்னால் அவனே பூவம்மாளிடம் சொன்னான்.

மேல வீதிக்குப் பின்னால் அந்தச் சந்துக்குள் செல்லாயி சொன்ன மாடி வீட்டைக் கண்டுபிடித்துக் கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே பெஞ்சில் இருமிக்கொண்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் ஏழெட்டுப் பேர். ஸ்பிரிட் வாசனை. கண்ணாடி போட்ட வயதான மனிதர் ஒருவர் அவன் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

காசிநாதன் மிரட்டலாக ஆரம்பித்தான். தாழைமேடு, பூவம்மாள், கொளஞ்சி என்று பேர்களைச் சொன்னான். டாக்டர் தில்லைநாதன் சட்டென்று எழுந்து, அந்தப் பையன் இந்த மாதம் ஏன் ஊசிக்கு வரவில்லை, காய்ச்சல் ஏதாவது உண்டா என்று அவனையே அதட்டினார். உண்டு என்றான். பல் பிடுங்கினானா, கட்டி கீறினானா, எங்காவது காயமா என்றார்.

"செடல்" என்றான் காசிநாதன்.

"எந்த மடையன் போட்டான்?"

தம்பி நாக்குப் புரளாமல், கை விழுந்து சரிந்ததை மட்டும் காசிநாதன் சொன்னான்.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் கேட்க, உரக்கச் சொன்னார். காய்ச்சல் சாமி குற்றமில்லை, முள்ளோடு போன கிருமி இதயத்தில் கூடு கட்டியதால் வந்தது, அதிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குப் போய்த்தான் நாக்கை அடைத்தது என்றார். அடுத்து ஏதோ நினைவு வந்தவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"புருஷன்கிட்டச் சொல்லேம்மான்னு அவகிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேன். 'அவருக்குத் தம்பின்னா உசுரு சார், தெரிஞ்சா ஒடைஞ்சிபோவாரு'ன்னா. அந்தப் புருஷன் நீதானா?"

கத்தி இடுப்பில் இருந்தது. அதைத் தன் வயிற்றிலேயே இறக்கிக்கொள்ளலாமா என்று தோன்றியதாம் அவனுக்கு.

*

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் கொளஞ்சி கண்மூடிக் கிடந்தான். இரவு பகலாக, குறித்த நேரம் தவறாமல் ஊசி. இடுப்பிலும் தொடையிலும் குத்த இடமில்லாமல் கன்றிப் போயிருந்தது. பூவம்மாள் கட்டிலுக்கடியில் முந்தானையை விரித்துப் படுத்தாள். நர்ஸ் வரும் அரவம் கேட்டால் எழுந்து, கன்றாத ஓர் இடத்தைத் தடவிப் பார்த்துக் காட்டுவாள்.

வார்டுக்கு வெளியே படிக்கட்டில் ஏதோ கூச்சல் கேட்டது. யாரோ மீனவன், பைத்தியம் பிடித்தவன், கையை நசுக்கிக்கொள்கிறான் என்று ஆள் ஓடிவந்து சொன்னான். அவள் போய்ப் பார்த்தாள்.

காசிநாதன் வலது கையைக் கல்படியில் விரித்து வைத்திருந்தான். இடது கையில் ஒரு கருங்கல். முள்ளைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு நகங்கள் ஏற்கெனவே பிய்ந்து தொங்கின. சுற்றி நின்றவர்களுக்குக் கிட்ட நெருங்கப் பயம்.

பூவம்மாள் நெருங்கினாள். அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். ஓங்கிய கல் அந்தரத்தில் நின்றது.

"இத ஒடைச்சிக்கிட்டா அவன யாரு தூக்குறது? என்னால ஒண்டியா முடியல."

அவன் கல்லைப் போட்டுவிட்டு அவள் கால்களைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். கடலில் புயலில் சிக்கியபோதும் அழாதவன். பூவம்மாள் குனிந்து அவனைத் தொடவில்லை. அழுது தீரட்டும் என்று நின்றாள். பிறகு நர்ஸிடம் துணி வாங்கி அவன் விரல்களைக் கட்டிவிட்டாள். உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலைக் காட்டி, வலது பக்கம் வாய் ஒழுகும், இடது பக்கமாகக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள்.

கொளஞ்சி கண் திறந்தான். கஞ்சியோடு குனிந்திருந்த அண்ணனைப் பார்த்தான். பேச முயன்றான், வரவில்லை. இடது கையை மெதுவாகத் தூக்கி, கண்ணீர் வழிந்துகொண்டிருந்த கன்னத்தில் வைத்தான். பூவம்மாள் வராந்தாவுக்கு வந்து, தூணில் சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அன்றுதான் முதன்முதலாக அழுதாள்.

*

காய்ச்சல் இறங்க வெகு நாள் பிடித்தது. இறங்கிய பிறகும் ஊசியை நிறுத்தவில்லை. வலது கைக்குப் பாதி பலம்தான் திரும்பியது. பேச்சு, நடை பழகும் குழந்தைபோலத் தடுக்கித் தடுக்கி வந்தது. பொன்னிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அந்தச் சேதியைக் கேட்டுக் கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கு யாரும் மருந்து சொல்ல முடியவில்லை.

அதற்குள் காசிநாதன் ஊரைக் கூட்டி, கோயில் வாசலில் மண்ணில் நெடுக விழுந்து, குத்தியது ஆத்தா இல்லை, என் கைதான் என்று சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று, ராணியம்மாளும் சபாபதி நாட்டாரும் ஊரோடு ஆற்றைத் தாண்டி இக்கரை ஓடத்துறைக்கே வந்து நின்றார்கள். செல்லாயிகூடக் கூட்டத்தின் பின்னால் நின்றாள். இனிமேல் பழிக்குச் செடல் என்ற பேச்சு தாழைமேட்டில் இல்லை என்று நாட்டார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

ராணியம்மாள் மருமகள் காலில் விழக் குனிந்தாள். பூவம்மாள் பதறித் தடுத்து அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"பெத்தவ நான்... நீ பெறாம பெத்துட்டியேம்மா" என்று கிழவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒரே மாதிரி குலுங்கினார்கள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

கொளஞ்சியை ஓடத்தில் உட்கார வைத்தார்கள். காசிநாதன் பூவம்மாளை ஏறச் சொல்லிக் கையை நீட்டினான். இரண்டு விரல்கள் கோணலாக ஆறியிருந்தன. அவள் கரையிலேயே நின்றாள். ஊர் முழுக்கக் கேட்க, ஆனால் புருஷனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"வர்றேன். ரெண்டு விசயம். இனிமே என் மேல கை பட்டா, அன்னைக்கே அவனக் கூட்டிக்கிட்டு இந்தக் கரைக்கு வந்துடுவேன். திரும்ப மாட்டேன். இன்னொண்ணு... அவனுக்கு மாசா மாசம் ஊசி இருக்கு. இனிமே நான் ஒளிச்சி இட்டுக்கிட்டுப் போவ மாட்டேன். நீங்க போங்க. பட்டப்பகல்ல, ஊரு நடுவுல, கையப் புடிச்சிக்கிட்டுப் போங்க."

காசிநாதன் தலையை ஆட்டினான். அவள் அவன் கையைப் பிடிக்காமல் தானாகவே ஓடத்தில் ஏறிக் கொளஞ்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஊசி நாள் வந்தது. வலைகள் காயும் நேரம், ஆண்கள் எல்லாரும் கரையேறியிருந்த நேரம். காசிநாதன் தம்பியின் பலமில்லாத கையைத் தன் கோணல் விரல்களில் கோத்துக்கொண்டு குப்பத்தின் நடுத்தெருவில் நடந்தான். ஒவ்வொரு வாசலாக ஜனம் எழுந்து நின்று பார்த்தது. எங்கே பயணம் என்று யாரும் கேட்குமுன் அவனே சொல்லிக்கொண்டு போனான்.

"சிதம்பரத்துக்கு. தம்பிக்கு மாருல நோவு. ஊசி போட."

பூவம்மாள் வாசலில் நின்று அவர்கள் தெரு முனை திரும்பும் வரை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் தடுக்கத் தடுக்கக் கேளாமல் மாமியார் பாயை விரித்துக் கொடுத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, யாருடைய காலடிக்கும் காது கொடுக்காமல், பூவம்மாள் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.